ஒன்பது பாட்டுக்காரர் வந்துபோன ஞாயிறு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் சும்மா நிற்கிறவன் கையில் ஒருவர் பையைத் திணித்து, "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, வந்துடறேன்" என்று சொல்லிப் போய், திரும்பி வராமலே இருந்துவிட்டால் எப்படி? அப்படித்தான் இது என்னிடம் வந்து சேர்ந்தது. கொடுத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். நாங்கள் அவரை டாக்டரம்மா என்போம். "நான் டாக்டர் இல்லை" என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். நாங்களும் தலையாட்டிவிட்டு மறுபடி டாக்டரம்மா என்போம்.

எட்டு மாதமாகிறது. மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: கிட்டார் என்பது ஆறு தந்திகளின் மேல் ஒரு மனிதன் தன் வாழ்நாளை

(நிறுத்திவிட்டேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே, பொடி எழுத்தில் ஒரு தாள், அதை எழுதுவதுதான் என் பிழைப்பு. 'உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்' என்று இருபது வருடம் எழுதிய கை இது. எதைத் தொட்டாலும் 'என்பது' என்று ஆரம்பிக்கிறது.)

இரண்டாவது: அன்று காலையிலிருந்தே மழை

(மழை பெய்யவில்லை. துக்கமான விஷயம் எழுதப் போகிறேன் என்றதும் தானாக மேகம் திரண்டுவிடுகிறது.)

மூன்றாவது: ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நான்கு பேர் உட்கார்ந்து, யாரும் கண்டுகொள்ளாத கிட்டார்காரர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

இதில் அழகு ஒன்றுமில்லை. ஆனால் நடந்தது இதுதான். அலுப்பாக இருக்கிறது, இதிலிருந்தே போகிறேன்.

2

கண்ணாடிக்கடைக்காரர் ஞாயிறன்று முன்பக்கம் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பார். உள்ளே லென்ஸ் தேய்க்கும் மெஷின், விலைபோகாத ஃப்ரேம்கள் அடைத்த இழுப்பறைகள், மேலிருந்து கீழே எழுத்து சிறுத்துக்கொண்டே வரும் பார்வை அட்டை. மெஷின் மேல் பலகை போட்டு அதில் ரிக்கார்டு பிளேயர். எங்களுக்கு ஒரே ஒரு விதி. பேர் பெற்றவர்களைப் பற்றிப் பேசக்கூடாது. பேசினால் அன்றைய டீக் கோப்பைகளைக் கழுவ வேண்டும். ராக் என்றதும் எல்லோர் வாயிலும் வருகிற அந்த ஏழெட்டுப் பேர் எங்கள் அறைக்குள் வந்தால், குழாயடியில்தான் போய் முடிவார்கள்.

நாங்கள் பேசியது மற்றவர்களைப் பற்றி. பாடகரின் தம்பியாகப் பிறந்த ஒரே காரணத்தால் இருபது வருடம் எல்லா போட்டோவிலும் ஓரத்தில் பாதித் தோளோடு நின்றவர். எழுபத்தைந்து வயதில், மடங்காத விரல்களை விட்டுவிட்டு மடங்குகிற இரண்டை மட்டும் வைத்து, ஹோட்டலில் ஸ்பூன் சத்தத்துக்கு நடுவே வாசித்துக்கொண்டிருந்தவர். ஒரு பாட்டின் கடைசி இருபது விநாடியில் உயிரைக் கொடுத்து வாசித்த ஒரு பெண். ரேடியோக்காரர்கள் எப்போதும் அந்த இருபது விநாடிக்கு முன்னால் விளம்பரம் போட்டுவிட்டதால் யார் காதிலும் விழாமல் போனவர்.

பாராட்டு என்றால் பெரிய வார்த்தைகள் எதுவும் கிடையாது. ஊசியைத் தூக்கி ஒரு நூலளவு பின்னால் வைத்து, "இப்ப வரும் பாருங்க" என்பது. வந்ததும் மற்ற மூன்று பேரும் "ம்" என்பது. அவ்வளவுதான். வாரம் முழுக்க எங்கள் நால்வருக்கும் அந்த 'ம்' வேறு எங்கேயும் கிடைத்ததில்லை.

நால்வரில் கடைசி ஆளைச் சொல்கிறேன். லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தெட்டு வயது, எங்களுக்கு லிஃப்ட் அண்ணன். பாதி நாள் குழிக்குள் நின்று அண்ணாந்து வேலை செய்வதால் கழுத்து பிடித்தபடியே இருக்கும். டாக்டரம்மா அங்கேயே இரண்டு அழுத்து அழுத்திவிடுவார். அண்ணன் மோட்டார் முனகுவதைக் கேட்டே எந்த மாடியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். நான் எழுதிய இரண்டு கதைப் புத்தகங்களையும் கடைசிப் பக்கம் வரை படித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். (என் மனைவி முதல் புத்தகத்தில் பாதி வரை வந்திருக்கிறாள். ஒன்பது வருடமாக அங்கேயே இருக்கிறாள்.)

அவர் படிப்பார் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் தலைவலி.

3

லிஃப்ட் அண்ணனின் ஆள் ஒருவர் இருந்தார். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு குழு, ஒரே ஒரு ரிக்கார்டு, ஒன்பது பாட்டு. அட்டையில் முகம் கிடையாது, காலியான மேடை ஒன்றின் படம். பின்னால் பொடி எழுத்தில் நான்கு பெயர்கள்: பாடியவர், டிரம்ஸ், பேஸ், கிட்டார். அந்தக் கிட்டார்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒன்பது பாட்டுக்காரர். அந்த ரிக்கார்டுக்குப் பிறகு அவர் எங்கே போனார், என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது.

அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பா படுத்த படுக்கையாகி, படிப்பை நிறுத்தி, ஸ்பேனர் பிடித்த வருடம். வேலை முடிந்து வந்து அந்த நான்காவது பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவாராம். அடுத்த ரிக்கார்டு வரும் என்று நான்கு வருடம் கடை கடையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு கடைக்காரர், "தம்பி, அவங்க எப்பவோ கலைஞ்சுட்டாங்க" என்றாராம்.

நான்காவது பாட்டில் கிட்டார் தனியாக மேலெழுந்து வாசிக்கும் ஒரு சோலோ வரும். மேலே மேலே ஏறிப் போய், உச்சியைத் தொடப் போகிற இடத்தில் சட்டென்று கீழே இறங்கி, தடித்த தந்திகளிலேயே புரண்டு முடிந்துவிடும். அண்ணன் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். பாட்டில் ஒருவன் வீட்டைவிட்டுப் போகிறான். வாசல்படி வரை வந்து திரும்பிப் பார்க்கிறான். அந்த இறக்கம்தான் அந்தத் திரும்பிப் பார்த்தல். "மேல போயிருந்தா கைதட்டல் வாங்கியிருக்கலாம். வேணாம்னு கீழ வர்றான் பாருங்க, அவன் மனுஷன்." நாங்கள் இதைக் குறைந்தது முப்பது முறையாவது கேட்டிருப்போம். அலுத்ததில்லை. (இல்லை, பொய் சொல்வானேன். அலுத்தது. ஆனாலும் 'ம்' என்றோம்.)

4

இனி வருவது டாக்டரம்மா சொல்லி எனக்குத் தெரிந்தது. நடந்த காலத்தில் எங்களுக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது.

பக்கவாதம் வந்து இடது கை விழுந்த ஒருவர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். எழுபத்தொரு வயது. பள்ளி பஸ்களுக்கு நேர அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். (இந்த வேலையை மாற்றியிருக்கிறேன். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்வதாக டாக்டரம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.) இந்தக் கை மறுபடி என்ன செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். "சட்டை பட்டன் போடணும்" என்றார் அவர்.

படிவத்தில் இருந்த பெயர் அபூர்வமானது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பயிற்சியில் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கச் சொன்னார். அவர் திணறிக்கொண்டு தூக்கும்போது, மேஜை மேல் சும்மா கிடந்த வலது கை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே தந்தி மீட்டும் பிக் ஒன்றைப் பிடித்திருப்பது போல மடங்கி, மேலும் கீழுமாக அசைந்தது. தாளத்தோடு. டாக்டரம்மாவுக்கு அந்தத் தாளம் தெரியும். அண்ணனின் ரிக்கார்டில் மூன்றாவது பாட்டு.

ரிக்கார்டைப் பற்றிக் கேட்டார். வந்தவர், "எந்த விரலைத் தூக்கச் சொன்னீங்க?" என்றார்.

அடுத்த முறை வந்தபோது அவரே ஆரம்பித்தார். அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? நான்கு பேர் என்று டாக்டரம்மா சொன்னார். "நாலு பேரா" என்றார். அது குறைச்சல் என்கிறாரா, ஜாஸ்தி என்கிறாரா என்று தெரியவில்லையாம். நான் யாரென்று அவர்களிடம் சொல்லக் கூடாது என்றார். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்ல முடியாது, என் தொழில் அப்படி என்றார் டாக்டரம்மா.

ஆனால் ஒன்று செய்தார். ஞாயிறு நாங்கள் பேசியதை, பெயர் சொல்லாமல், வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னார். அவர் சொன்ன பதிலைத் தன் சொந்த அபிப்பிராயம் போல ஞாயிறு எங்களிடம் சொன்னார். ஐந்து மாதம். டாக்டரம்மாவுக்குத் திடீரென்று எப்படி இவ்வளவு காது வந்தது என்று கண்ணாடிக்கடைக்காரர் ஆச்சரியப்பட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு ஞாயிறு டாக்டரம்மா, "நாலாவது பாட்டுல மெல்லிசான முதல் தந்தி அறுந்துபோயிருக்கும்னு தோணுது. ரிக்கார்டிங் ரூமுக்கு வெளியில அடுத்த குழு காத்திருந்திருக்கும், திரும்ப வாசிக்க நேரம் இல்ல. இருக்கிற தந்தியில முடிச்சிருப்பார்" என்றார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தந்தி அறுந்தா அந்த மாதிரி வராது. அவரு அப்படி யோசிக்கிற ஆளே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?" டாக்டரம்மா ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை இதையும் அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் வெகுநேரம் சிரித்தாராம். பிறகு, "அவர் சொல்றதுதான் நல்லா இருக்கு. அதையே வெச்சுக்கச் சொல்லுங்க. வாசிச்சவனுக்கு என்ன தெரியும்" என்றாராம்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் டாக்டரம்மா கண்கலங்குவதாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் எங்க அழுதேன்? எனக்கு அடுத்த பேஷண்ட் வெளியில உட்கார்ந்திருந்தாங்க" என்றார். அடித்துவிட்டேன். அவரை எனக்குச் சரியாக எழுத வரவில்லை. ஒரு நாளைக்குப் பதினாறு பேரின் முழங்காலையும் தோளையும் பிடித்துவிட்டு, களைத்து, பேருந்தில் நின்றபடியே தூங்குகிற ஒரு பெண். இவ்வளவு பெரிய ரகசியத்தை ஐந்து மாதம் எப்படிச் சுமந்தார் என்பதற்கு என்னிடம் நல்ல வாக்கியம் எதுவும் இல்லை. மற்றதையெல்லாம் சுமக்கிற மாதிரிதான் சுமந்தார்.)

5

சிகிச்சைக்கு வந்தவரே கேட்டார். ஒரு தடவை ஓரமாக உட்கார்ந்து கேட்கலாமா?

டாக்டரம்மா அவரை, "எங்க மாமா. வீட்ல தனியா இருந்தார், கூட்டிட்டு வந்தேன்" என்று சொல்லி அழைத்து வந்தார். மெலிந்த, வழுக்கைத் தலை மனிதர். ஊன்றுகோல். இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சட்டையில் எல்லா பட்டனும் போட்டிருந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் தோன்றுகிறது. (உண்மையில் நான் பட்டனைப் பார்க்கவில்லை. கதைக்காரன் புத்தி.)

லிஃப்ட் அண்ணன் எழுந்து, ஸ்பீக்கர் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். புது ஆள் வந்திருக்கிறாரே என்று அந்த ரிக்கார்டையே போட்டார். ஒவ்வொரு பாட்டுக்கும் விளக்கம். இங்கே தந்தியை வளைக்கிறார் பாருங்க; இங்கே வேண்டுமென்றே அரைத் தாளம் தாமதமாக வருகிறார்; இங்கே ஒன்றுமே வாசிக்காமல் இருக்கிறார், அதுதான் வித்தை. மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான்காவது பாட்டில் ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்து, வாசல்படியில் திரும்பிப் பார்க்கிறவனைப் பற்றி அண்ணன் சொன்னார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"ம்" என்றார்.

ஒன்பதும் முடிந்தது. டீ வந்தது. அப்போது அண்ணன் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். அவருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

"இவ்வளவும் கைல இருந்தும் ஓடிட்டான் சார். ஒரே ரிக்கார்டு. கேக்குறவங்க காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சானா? நான் இவனை மன்னிக்கவே மாட்டேன். கோழை."

டாக்டரம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

மாமா நிதானமாகச் சொன்னார்: "ஓடியிருக்க மாட்டார். அலுத்துப்போயிருக்கும்."

"அலுப்புக்கு எவனாவது கிட்டாரை விடுவானா?"

"போற இடமெல்லாம் வேற யாரோட பாட்டையோ வாசிக்கச் சொல்லியிருப்பாங்க. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல. வருஷக்கணக்கா. வீட்டுக்கு வந்து பெட்டியை வெச்சவர் மறுநாள் அதைத் திறக்காம விட்டிருப்பார். அதுக்கு மறுநாளும். விட்டோம்னு அவருக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சிருக்கும்."

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. நான் இருபது வருடம் மருந்துத் தாள் எழுதுகிறவன். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

பிறகு மாமா ஒரு கேள்வி கேட்டார். அடியில் ஒருத்தர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ரிதம் கிட்டார் வாசிக்கிறாரே, அவர் யார்? நாங்கள் விழித்தோம். அட்டையில் அப்படி ஒரு பெயரே இல்லை. ஒரே ஆள் இரண்டு தடவை வாசித்துச் சேர்த்தது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தோம்.

"இல்ல, வேற கை. மறுபடி போடுங்க. மேல வாசிக்கிறவரை விட்டுடுங்க, அடியில மட்டும் கேளுங்க."

போட்டோம். முதல் பாட்டிலிருந்து. நாற்பது வருடமாகக் கேட்ட பாட்டு அது, அண்ணனைப் பொறுத்தவரை. சோலோ பட்டம் போல வாலை ஆட்டிக்கொண்டு எங்கெங்கோ பறக்கும்போதெல்லாம், கீழே ஒருவர் ஒரே இடத்தில் நின்று, பாட்டை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான்காவது பாட்டில், அந்த இறக்கத்துக்கு ஒரு நொடி முன்பு, அடியில் வாசிப்பவர் சட்டென்று இடம் கொடுத்து ஒதுங்குகிறார். மேலே இருப்பவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இத்தனை வருஷம் இவரைக் கேக்காம விட்டுட்டேனே" என்றார்.

"நம்ம எல்லாரும்தான்" என்றார் மாமா.

6

ஏழு வாரம் கழித்து இரண்டாவது முறை பக்கவாதம் வந்து அவர் இறந்துபோனார். அந்த ஞாயிறு யாரும் விதியை மீறவில்லை. ஆனாலும் டாக்டரம்மா எல்லாக் கோப்பைகளையும் கழுவினார். மாமா எப்படி இருக்கார், மறுபடி கூட்டி வாங்க என்று அண்ணன் கேட்டபோது, தவறிவிட்டார் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்க்கட்டுமா என்றார் அண்ணன். வேண்டாம் என்றார்.

அன்று பஸ் நிறுத்தத்தில்தான் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். ஏன் என்னிடம் என்று கேட்டேன்.

"நான் சொல்லக் கூடாது. அவர் செத்துட்டாலும் அவர் என் பேஷண்ட். நீங்க கதைன்னு எழுதினா, அது கதைதானே?"

அப்படி ஒரு சந்து இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

(நடுவில் ஒரு காட்சி எழுதினேன்: சிகிச்சைக்கு வந்த அவர் மாட்டிக்கொண்ட லிஃப்டைத் திறந்துவிட்டவரே எங்கள் அண்ணன், இருவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் புன்னகைத்தார்கள் என்று. நன்றாக வந்திருந்தது. நடக்கவில்லை. அண்ணன் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களில் சிகிச்சை நடந்த இடம் இல்லை. கிழித்துப்போட்டேன்.)

இதற்கு நடுவே அண்ணனுக்குப் புது வேலை ஒன்று கிடைத்துவிட்டது. அந்த இரண்டாவது கிட்டார்காரர் யார் என்று தேடுகிறார். பழைய ரிக்கார்டுக் கடைகள், மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடத்தின் வாட்ச்மேன், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும். "மாமா சொன்ன ஆளு" என்றுதான் சொல்லுவார். எட்டு மாதமாகியும் கிடைக்கவில்லை. அந்தப் பெயர் டாக்டரம்மாவுக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை மாமாவே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் தேடிய கதையைச் சொல்ல, டாக்டரம்மா பின்னால் நின்று, கழுத்தை அழுத்திவிடுகிறார். பெயரைச் சொன்னால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வரும். 'கோழை' என்ற வார்த்தையும் வரும்.

7

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

ஒன்றில் நான் அண்ணனிடம் சொல்கிறேன். அவர் உடைந்துபோய், ரிக்கார்டைக் கண்ணாடிக்கடைக்காரரிடமே விட்டுவிட்டு, பின்னறைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்.

இன்னொன்றில் நான் சொல்வதில்லை. அவர் தேடிக்கொண்டே இருக்கிறார். நானும் டாக்டரம்மாவும் 'ம்' சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அந்த 'ம்' நாளாக நாளாக

(முடிக்க முடியவில்லை.)

இரண்டுமே எனக்குச் சரிப்படவில்லை. சொல்வதா வேண்டாமா என்று நான் முடிவு செய்ய முடியாது என்பது, இதை எழுதி முடிக்கும் தறுவாயில்தான் உறைக்கிறது. இது அச்சில் வந்தால் படிக்கப்போகும் நாலைந்து பேரில் ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். கடைசிப் பக்கம் வரை படிப்பார். அதாவது இந்தப் பக்கம்.

மற்றவர்கள் தயவுசெய்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இனி அவரோடு பேசுகிறேன்.

அண்ணே, இதுவரை வந்திருந்தால் உங்களுக்கு முகமெல்லாம் சுட்டிருக்கும். புத்தகத்தை மூடியிருந்தாலும் தப்பில்லை. மூடவில்லை என்றால் இன்னும் ஒன்று இருக்கிறது. அன்று வாடகைக் காரில் திரும்பிப் போகும்போது மாமா சொன்னது. நீங்கள் அப்படிப் பேசியதற்காக டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர் கையை அசைத்து நிறுத்தச் சொன்னாராம்.

"எதுக்கு மன்னிப்பு? நான் விட்டதுக்கு என் வீட்ல யாரும் வருத்தப்படல. கூட வாசிச்சவங்க கேக்கல. நானே பெருசா நினைச்சுக்கல. நாப்பது வருஷமா ஒருத்தருக்கு என் மேல கோவம் இருந்திருக்கு. இது எனக்கு முன்னமே தெரியாம போச்சே."

அப்புறம் வீடு வரும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாராம். அழுதாரா, தூங்கினாரா, டாக்டரம்மாவுக்குத் தெரியாது. நானும் கற்பனை செய்யப் போவதில்லை.

நீங்கள் தேடுகிற பெயர் டாக்டரம்மாவிடம் இருக்கிறது. கேட்டால் சொல்லுவார், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார், அவர் தொழில் அப்படி. எங்கள் இருவர் மேலும் உங்களுக்கு என்ன வருகிறதோ அது வரட்டும், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். ஞாயிறு மூன்று மணிக்குப் பின்கதவு திறந்திருக்கும். ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார மாட்டோம். இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, அண்ணே. அடுத்த வரி உங்களுடையது.